கண்ணாடி ஹோட்டல் அந்தோணி

கொட்டகலை ஸ்டேஷனில் இறங்கி மேட்டுப் பக்கம் நிமிர்ந்து பார்த்தால் முதலில் கண்ணில் படுவது அந்தக் கட்டடம்தான். முகப்பில் ‘ஆர்ட்மோர் ஹோட்டல், 1893’ என்று இங்கிலீஷில் எழுதியிருக்கிறது. எழுதி என்ன பிரயோசனம்? நூற்று முப்பது வருஷத்தில் ஊரில் ஒருத்தரும் அதை அப்படிச் சொன்னதில்லை. முன் விறாந்தை முழுக்கக் கண்ணாடி போட்டு அடைத்திருப்பதால் அது கண்ணாடி ஹோட்டல், அவ்வளவுதான். வெள்ளைக்காரத் துரைமார் தேயிலைத் தோட்டங்களுக்கு அவர்கள் ஊர்ப் பெயர்களாகப் பார்த்து வைத்தார்கள். ஜனங்கள் தங்கள் வாய்க்கு வந்த பெயரைச் சொல்லிக்கொண்டு அவர்கள் பாட்டுக்குப் போனார்கள். இடங்கள் விஷயத்தில் எப்போதும் நம் ஆட்கள்தான் ஜெயித்திருக்கிறார்கள்.

மனிதர்கள் விஷயத்தில் அப்படி நடக்கவில்லை. அதற்குப் பழனியாண்டியே சாட்சி.

பழனியாண்டிக்கு இந்தக் கார்த்திகையோடு எழுபது. கண்ணாடி ஹோட்டலின் சாப்பாட்டு மண்டபத்தில் பெரிய வெயிட்டராக இருபத்துமூன்று வருஷம் நின்றவர். ஹோட்டலில் அவர் பெயர் அந்தோணி. பஸாரிலும் அந்தோணி. மரக்கறிக் கடையில், சலூனில், எதற்கு, கோயிலில் திருநீறு கொடுக்கும்போதுகூட ஐயர் “வாங்க அந்தோணி” என்றுதான் கூப்பிடுவார். அப்பா அம்மா போய்ச் சேர்ந்து நெடுங்காலம் ஆகிறது. மனைவி பேச்சியம்மாவோ, புருஷன் பேரை வாயால் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று நம்புகிறவள். கிளினிக்கில் நர்ஸ் கேட்டால், “மொட்டை போட போவாங்கல்ல மிஸ், அந்த மலை மேல நிக்கிற சாமி” என்று சுற்றி வளைப்பாள். நர்ஸ் சிங்களப் பிள்ளையாக இருந்துவிட்டால் வம்பே வேண்டாம் என்று அவருடைய அடையாள அட்டையை எடுத்து நீட்டிவிடுவாள். ஆக, பழனியாண்டி என்ற பேர் அந்த அட்டைக்குள் மட்டும்தான் குடியிருந்தது. அதைச் சத்தமாகச் சொல்ல ஊரில் ஓர் ஆள் இல்லை.

ஹோட்டலை மூடி இருபது வருஷம். அந்த இருபது வருஷத்தில் ஒரு நாளும் அவர் அந்த மேட்டில் ஏறவில்லை. கோபமா என்று கேட்டால் கோபம் இல்லை. கூரைத் தகரம் கழன்று தொங்குவதைக் கிட்டப் போய்ப் பார்க்க மனசு வரவில்லை. இப்போது கொழும்புக் கம்பெனி ஒன்று அதை வாங்கி, தகரம் மாற்றி, பெயின்ட் அடித்து, பழைய பெருமையோடு மறுபடி திறக்கப் போகிறது. சனிக்கிழமை திறப்பு விழா. அதற்கு முந்தின செவ்வாய்க்கிழமை காலை அவருக்கு ஒரு போன் வந்தது. “அந்தோணி ஐயாங்களா? நான் கிருஷாந்தி பேசுறேன், ஹோட்டல் மேனேஜர். ஒருக்கா வந்துட்டுப் போறீங்களா?”

அவர் இருப்பதிலேயே நல்ல சேர்ட்டைப் போட்டுக்கொண்டு மேட்டில் ஏறினார். கிருஷாந்தி முன்வாசலில் காத்து நின்றாள். லிந்துலைப் பக்கத் தோட்டத்தில் பிறந்து, படித்து, முப்பது வயதில் மேனேஜர் ஆகிவிட்ட கெட்டிக்காரி. பத்து மணிக்கு வருகிறேன் என்றவர் பத்தரை ஆகியும் வரவில்லை. திரும்பப் போன் போட்டாள்.

“எங்கய்யா இருக்கீங்க?”

“நான் வந்து அரை மணித்தியாலம் ஆச்சுங்க மிஸ். பேன்ட்ரில நிக்கிறேன். நீங்கதான் காணோம்.”

அவர்மேல் பிழை இல்லை. கால் அதுபாட்டுக்குப் பின்பக்கம் போய்விட்டது. முப்பத்திரண்டு வருஷம் அந்தக் கட்டடத்தில் வேலை செய்தவர், ஒரு நாள்கூட முன்வாசலால் உள்ளே போனதில்லை. முன்வாசல் விருந்தாளிகளுக்கு, வேலையாட்களுக்கு விறகு அடுக்கிய சந்து வழியாக, சமையலறையை ஒட்டிய பேன்ட்ரி வாசல். அது சட்டமாக எங்கேயும் எழுதியிருக்கவில்லை. எழுதவேண்டிய தேவையும் இருக்கவில்லை.

பேன்ட்ரி சுவரில் மணிப் பலகை அப்படியே இருந்தது. பதினாறு அறைக்கும் பதினாறு சின்ன வெண்கல மணி, ஒவ்வொன்றும் ஒரு சுருள் கம்பியில் ஆடும். சத்தத்தை வைத்தே எந்த அறை என்று சொல்லிவிடலாம். ஏழாம் நம்பர் கொஞ்சம் கரகரக்கும். மாலையானால் சுடுதண்ணீர்ப் போத்தலைக் கம்பளி உறையில் போட்டுக் கட்டில் கட்டிலாக வைத்துவர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சோறும் பதினொரு கறியும். சுற்றுவட்டாரத் துரைமார் அத்தனை பேரும் வந்து இறங்குவார்கள். எழுபதுகளில் தோட்டங்களை அரசாங்கம் எடுத்ததும் அவர்கள் ஒவ்வொருவராய்க் கப்பலேறினார்கள். பிறகு தேனிலவு ஜோடிகள் வந்தார்கள், அதன்பிறகு ஒரு முதலாளி வந்தார், கடைசியில் யாருமே வரவில்லை. அந்தக் காலம் நல்ல காலம் என்று சொல்லப் பழனியாண்டிக்கு வாய் வராது. பஞ்ச வருஷத்தில் விருந்தாளி தட்டில் மிச்சம் வைத்த பாண் ரொட்டி ஓரத்தை மடியில் கட்டிக்கொண்டு தோட்டத்து லயத்து வீட்டுக்கு ஓடியது அவருக்கு மறக்கவில்லை. இருந்தாலும் அந்த மணிப் பலகையைத் தொட்டபோது ஏக்கமாகத்தான் இருந்தது. வயசுக் காலமெல்லாம் அங்கேதானே போனது.

கிருஷாந்தி அவரை மண்டபத்துக்குக் கூட்டிப்போய், சனிக்கிழமை சுவரில் மாட்டப் போகும் பெரிய பலகையின் மாதிரியைக் காட்டினாள். ஹோட்டலின் வரலாறு, மூன்று மொழியிலும். நடுவில் நான்கு படங்கள். நான்கிலும் வெள்ளைக் கோட்டு, தலைப்பாகை, இடுப்பில் அகலச் சிவப்புப் பட்டி கட்டிய ஒருவர். கீழே: ‘எங்கள் அந்தோணி. 1908 முதல் 2005 வரை இம்மண்டபத்தில் விருந்தாளிகளை வரவேற்றவர்.’

பழனியாண்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டு மறுபடி படித்தார். பிறகு சிரித்தார்.

“தொண்ணூத்தேழு வருஷமா ஒரே ஆளு சோறு போட்டிருக்கானா மிஸ்? அதுவும் நாலு படத்துலயும் நாப்பது வயசுலயே நிக்கிறான். இந்தத் தண்ணிக்கு அவ்வளவு சத்து இருக்குன்னா எனக்கு ஏன் முட்டு வலிக்குது?”

“கொழும்புல இருந்து எழுதி அனுப்பினதுங்கய்யா,” என்றாள் கிருஷாந்தி வெட்கத்தோடு. “பழைய கடிதம், விருந்தாளிங்க புத்தகம் எல்லாத்துலயும் ‘அந்தோணி’, ‘அந்தோணி’ன்னே இருக்கு. ஒரே குடும்பமா இருக்கும், அப்பா மகன் பேரன்னு அதே பேரு வச்சிருப்பாங்கன்னு நான் நெனச்சேன்.”

“குடும்பமும் இல்ல, ஒண்ணும் இல்ல. எங்க நாலு பேருல ஒருத்தனுக்கும் அந்தோணின்னு பேரு கெடையாது.”

நடந்தது இதுதான். 1908-இல் இந்த ஹோட்டலை வாங்கிய துரைக்குக் கொழும்பில் அந்தோணி என்றொரு வேலைக்காரன் இருந்தானாம். மலைக்கு வந்து புதிதாக ஓர் ஆளைப் பெரிய வெயிட்டராக வைத்தபோது, இன்னொரு பெயரைப் பழக அந்த மனிதருக்குச் சோம்பல். ‘நீயும் அந்தோணி’ என்றுவிட்டார். அந்த ஆள் போய் அடுத்த ஆள் வந்தபோது விருந்தாளிகளுக்கு அந்தோணி பழகிவிட்டது. அதனால் அவரும் அந்தோணி. அப்புறம் அடுத்தவர். கடைசியில் பழனியாண்டி. கோட்டுக்கு ஆள் மாறியது, பேர் மாறவில்லை. என்ன திமிர் பாருங்கள்! ஒரு மனிதனின் பேரைக் கேட்டு மனசில் வைக்க ஒரு நிமிஷம் ஆகுமா?

கிருஷாந்தி பலகை மாதிரியைத் திருப்பி வைத்தாள். பிறகு பேனாவை எடுத்தாள். “பேருங்களச் சொல்லுங்கய்யா. நான் மாத்துறேன்.”

பழனியாண்டி வாயைத் திறந்தார். எண்ணுவதற்கு முதல் விரலை மடக்கினார்.

“வரிசையாத்தான் சொல்லணும் மிஸ்,” என்றார் மெதுவாக. “மொத ஆளுல இருந்து. தாண்டிச் சொல்லக் கூடாது.”

“சரிங்கய்யா. மொத ஆளு யாரு?”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “அதத்தான் நான் தொலைச்சுட்டேன்,” என்றார்.

துரைக்குத் தெரியாமல் அந்த நான்கு பேரும் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். பெரிய வெயிட்டர் வேலையை விட்டுப் போகும்போது, அடுத்த ஆளைப் பேன்ட்ரியில் நிறுத்திக் கதவைச் சாத்துவார். சிவப்புப் பட்டி பத்து அடி நீளம். ஒரு நுனியைப் போகிறவர் பிடித்துக்கொள்வார், மறு நுனியை இடுப்பில் வைத்துக்கொண்டு வருகிறவர் சுற்றிச் சுற்றி வந்து தன் இடுப்பில் ஏற்றிக்கொள்வார். ஒரு சுற்றுக்கு ஒரு பேர். முதல் சுற்றுக்கு முதல் ஆளின் சொந்தப் பேர், அடுத்த சுற்றுக்கு அடுத்தவர் பேர், கடைசிச் சுற்றுக்குப் புதிதாக வருகிறவரின் பேர். சொல்லி முடித்துப் பட்டியைச் செருகியதும் அவர் அந்தோணி. வெளியே மண்டபத்தில் யார் எப்படிக் கூப்பிட்டாலும், உள்ளே சொந்தப் பேர் பத்திரமாகக் கட்டியிருக்கிறது என்று கணக்கு.

பழனியாண்டிக்குப் பட்டி கட்டியவர் மாயாண்டி. இருபத்தேழு வருஷம் அந்தோணியாக இருந்தவர். 1982-இல் அவர் குடும்பத்துக்கு இந்தியப் பாஸ்போர்ட் வந்துவிட்டது. பிறந்த மண்ணை விட்டு, பார்த்தேயிராத ‘சொந்த ஊருக்கு’ப் போகச் சொல்லிக் காகிதம். லயத்துக்கு லயம் அப்போது அதுதான் நடந்தது. போவதற்கு முந்தின வாரம், மத்தியானச் சாப்பாடு முடிந்து மேசைகளைத் துடைத்த பிறகு, மாயாண்டி பேன்ட்ரிக் கதவைச் சாத்தினார்.

“நல்லா கேட்டுக்க. ரெண்டாந்தரம் சொல்ல மாட்டேன். ஒரு பேரு விட்டாலும் சுத்து அவுந்துரும்,” என்றார்.

பழனியாண்டிக்கு அப்போது இருபத்தாறு வயது. புதுக் கோட்டு. எதிரே பேன்ட்ரி ஜன்னல். முதல் சுற்றுக்குத் திரும்பினார். ஜன்னலுக்கு வெளியே, துணி காயப்போடும் இடத்தில், சலவை வேலைக்கு நின்ற ஒரு பெண் வெள்ளைப் படுக்கை விரிப்பை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் திரும்பிக் கோட்டுப் போட்ட இவரைப் பார்த்தாள். இவரும் பார்த்தார். மாயாண்டி என்னவோ சொன்னார். இரண்டாம் சுற்றில்தான் காது திரும்பவும் வேலை செய்தது: சன்னாசி. மூன்றாம் சுற்று மாயாண்டி. நாலாம் சுற்று அவருடைய பேர்.

கேட்டிருக்கலாம். “அண்ணே, மொதப் பேரு விழல” என்று அப்போதே சொல்லியிருக்கலாம். வெட்கம். ஒரு வாரம் இருந்தது, அதிலும் கேட்கவில்லை. கப்பலுக்குத் தலைமன்னார் போகிற கோச்சி ஏற்றிவிட ஸ்டேஷனுக்குப் போனபோது, ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த மாயாண்டியின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்கத்தான் வாயெடுத்தார். சுற்றிலும் அத்தனை பேர் கட்டிப்பிடித்து அழுகிறார்கள். அங்கே போய், நீங்கள் கடைசியாகத் தந்ததை நான் காதில் வாங்கவில்லை என்று எப்படிச் சொல்வது? கோச்சி நகர்ந்துவிட்டது. மாயாண்டி கை ஆட்டிக்கொண்டே போனார். அதற்குப் பிறகு கடிதம் இல்லை. பழனியாண்டி ஓய்வு பெற்றபோது பட்டி கட்டிவிட அடுத்த ஆளும் இல்லை. அதனால் அந்தக் குற்றம் வெளியே வராமல் நாற்பத்துமூன்று வருஷம் அவருக்குள்ளேயே கிடந்தது.

கிருஷாந்தி கொழும்புக்குப் பேசினாள். கம்பெனிக்காரர் சொன்னதை ஒளிக்காமல் வந்து சொன்னாள். நான்கு பேரையும் முழுசாகக் கொடுத்தால் மாற்றலாம். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குப் பலகை அச்சுக்குப் போகிறது. அரைகுறையாக என்றால் வேண்டாம், ‘எங்கள் அந்தோணி’யே இருக்கட்டும், அது கேட்க அழகாகவும் இருக்கிறது.

“மொதல் ஆளு பேரு தெரியலன்னு போட்டு மத்த மூணு பேரையும் போடுறதுக்குக் கேட்டுப் பாக்கட்டுமா?”

“வேணாம் மிஸ். அவரத் தொலைச்சது நானு. அவர விட்டுட்டு எம்பேரு சுவத்துல இருந்தா, நான் அந்தப் பக்கம் எப்படிப் போறது?”

வீட்டுக்கு வந்ததும் பெட்டியின் அடியிலிருந்து பட்டியை எடுத்தார். பூச்சி உருண்டை மணந்தது; சிவப்பு மங்கிச் செங்கல் நிறமாகியிருந்தது. பேச்சியம்மாவிடம் ஒரு நுனியைக் கொடுத்துப் பிடிக்கச் சொன்னார். சுற்றினால் ஞாபகம் வரும் என்று ஒரு நப்பாசை.

“எழுவது வயசுல என்னா கூத்துங்க இது?” என்றாள் பேச்சியம்மா. ஆனாலும் பிடித்தாள்.

அவர் சுற்றினார். ஒரு காலத்தில் நான்கு சுற்றுப் போன பட்டி இப்போது மூன்றிலேயே முடிந்துவிட்டது. இடுப்பு அப்படி. மறுபடி அவிழ்த்துச் சுற்றினார். ஒன்றும் வரவில்லை. ஒவ்வொரு தடவையும் முதல் சுற்றில் கண்ணுக்குள் வந்தது ஒரு வெள்ளை விரிப்பும் ஒரு முகமும்தான். நாலாம் தடவை தலை சுற்றி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“என்னதான் நெனப்பு வருது சொல்லுங்களேன்.”

சொன்னார். பேச்சியம்மா நுனியைக் கையில் வைத்தபடி கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. சிரிக்கக் கூடாத இடத்தில் வந்த சிரிப்பு. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

“அடப் பாவி மனுஷா. என்னையப் பாத்துத்தான் கோட்ட விட்டீங்களா?”

“ஒன்னையத்தான். ஏழாம் நம்பர் ரூம் விரிப்ப உதறிக்கிட்டு நின்ன.”

“நாப்பத்துமூணு வருஷமா இத எங்கிட்ட சொல்லணும்னு தோணலையா?” என்றாள். குரல் குழைந்திருந்தது. பட்டியை நீவி மடித்தாள். “அப்ப இதுல எனக்கும் பங்கு இருக்கு. இனி மேட்டுல ஏறுறப்ப நானும் வாறேன்.”

இதற்கிடையில் கிருஷாந்தி சும்மா இருக்கவில்லை. மாயாண்டி என்ற பேரை, ஆளைத் தேடுவதற்காக மட்டும் என்று பழனியாண்டியிடம் கெஞ்சி வாங்கியிருந்தாள். தேடுகிறதற்குச் சொல்வது வேறு, வரிசையில் சொல்வது வேறு என்று இருவரும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். அவளுடைய சித்தப்பா குடும்பம் கோத்தகிரியில் இருக்கிறது. இங்கிருந்து போனவர்கள் நீலகிரிப் பக்கம் நிறையப் பேர்; அவர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழுவும் உண்டு. பழைய ஊழியர் படம் ஒன்றைப் போட்டு, ‘கொட்டகலை கண்ணாடி ஹோட்டலில் வேலை செய்த மாயாண்டியின் பிள்ளைகள் யாராவது இருக்கிறீர்களா? அந்தோணி தேடுகிறார்’ என்று அனுப்பினாள்.

புதன், வியாழன் இரண்டு நாளில் பதினொரு மாயாண்டி வந்தார்கள். ஒருவர் மஸ்கெலியா மாயாண்டி, கங்காணியாக இருந்தவர். இன்னொருவர் கண்டி மாயாண்டி. மூன்றாவது மாயாண்டி உயிரோடே இருந்தார். கண்ணாடி ஹோட்டல் என்றதும் சந்தோஷமாகி, சின்ன வயதில் அதன் கண்ணாடியைக் கல்லெறிந்து உடைத்தது நான்தான் என்று ஒப்புக்கொண்டார். நம்முடைய மாயாண்டி மட்டும் வரவில்லை. வியாழன் பின்னேரம் பழனியாண்டி நம்பிக்கையை விட்டுவிட்டார். “விடுங்க மிஸ். அந்தோணியே இருந்துட்டுப் போகட்டும்” என்று போனில் சொன்னவர், அன்றைக்குச் சோறு வேண்டாம் என்றுவிட்டார்.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டரைக்குக் கிருஷாந்தி கூப்பிட்டாள். உடனே வரச் சொன்னாள். புருஷனும் பெண்சாதியும் மூச்சு வாங்க மேட்டில் ஏறினார்கள், இந்தத் தடவையும் பின்பக்கத்தால். பேன்ட்ரியில் கிருஷாந்தி போனை மணிப் பலகைக்குக் கீழே நிறுத்தி வைத்திருந்தாள். திரையில் ஐம்பத்தெட்டு வயது மதிக்கத்தக்க ஒரு பெண். தலையில் துண்டு, இடுப்பில் கொழுந்துச் செடி கிழிக்காமல் இருக்கக் கட்டுகிற படங்கு, அதன்மேல் கயிறு. வேலைக்காட்டிலிருந்து சாப்பிட வந்த கோலம்.

“அண்ணே, என்னையத் தெரியுதா? பூரணி. மாயாண்டி மக. கோச்சி ஏத்திவிட வந்தப்ப எனக்கு ஒரு பிஸ்கட் பக்கெட்டு வாங்கிக் குடுத்தீங்க.”

பழனியாண்டிக்கு முகம் தெரியவில்லை, பிஸ்கட் தெரிந்தது. “அப்பா?” என்றார்.

“அவரு போயி இருவத்தெட்டு வருஷமாச்சுண்ணே. இங்க டீ பக்டரில காவலுக்கு நின்னாரு. கடைசி வரைக்கும் இந்த ஊரு தண்ணி சரியில்லன்னுக்கிட்டே இருந்தாரு.”

பழனியாண்டி கையைக் கூப்பினார். இனி வெட்கப்பட நேரமில்லை. “பூரணி, ஒங்கப்பா எனக்குப் பட்டி கட்டிவிட்டப்ப மொதப் பேரச் சொன்னாரு. நான் காதுல வாங்கலம்மா. வேற எங்கயோ பாத்துக்கிட்டு நின்னுட்டேன். அவருக்கு அது தெரியாது. நான் சொல்லவும் இல்ல. பெரிய பாவம் பண்ணிட்டேன்.”

அந்தப் பக்கம் பூரணி சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

“அவருக்குத் தெரியும்ணே.”

“என்னம்மா சொல்ற?”

“இங்க வந்து நான் மொத நாளு கொழுந்து எடுக்கப் போறேன், பதினாறு வயசு. படங்கு கட்டத் தெரியல, கயிறு நழுவி நழுவி விழுகுது. அப்பாதான் புடிச்சுச் சுத்திவிட்டாரு. ஒரு சுத்துக்கு ஒரு பேரு சொன்னாரு. எதுக்குப்பான்னு கேட்டேன். ‘அங்க ஒருத்தனுக்குச் சொல்லிட்டு வந்தேன், அவன் காதுல விழல. ஜன்னல்ல ஒரு புள்ளையப் பாத்துக்கிட்டு நின்னான். வயசு அப்படி, அவனத் திட்டவும் மனசு வரல. நீயாச்சும் சொல்லி வை, என்னிக்காச்சும் கேட்டு வருவான்’னாரு.”

பேச்சியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அதுல இருந்து தெனமும் காலைல கயிறு கட்டுறப்ப வாய் தானா சொல்லும்ணே. நாப்பத்திரெண்டு வருஷமாச்சு. இருங்க.” பூரணி இடுப்புக் கயிற்றை அவிழ்த்தாள். போனை எதிரே சாய்த்து வைத்துவிட்டு, பின்னால் நகர்ந்து நின்று, மறுபடி சுற்ற ஆரம்பித்தாள்.

“பிச்சைமுத்து.”

முதல் சுற்று. பழனியாண்டி சுவரைப் பிடித்துக்கொண்டார். அதேதான். அந்த மத்தியானம் மாயாண்டியின் வாயிலிருந்து வந்து காதுக்கு வெளியே நின்றுவிட்ட பேர், இத்தனை வருஷம் கழித்து உள்ளே வந்தது.

“சன்னாசி.”

“மாயாண்டி.”

“பழனியாண்டி.”

சொல்லி, முடிச்சைப் போட்டு இறுக்கினாள். அந்த நேரம் அவள் பின்னால் ஒரு முப்பது வயதுக்காரன் சாப்பாட்டுத் தட்டோடு எட்டிப் பார்த்தான். “யாரும்மா போன்ல?”

“வந்து பாருடா. இவருதான் நாலாவது சுத்து.”

“அட, நெசமாவே இப்படி ஒருத்தர் இருக்காரா!” என்று அவன் தட்டைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் கூப்பினான். “சின்னப் புள்ளயில இருந்து காலைல எந்திரிச்சா ஒங்க பேருதாங்க மாமா காதுல விழும்.”

சொந்த ஊரில் ஒருத்தர் வாயிலும் இல்லாத பேரை, கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு மலையில், முன்னே பின்னே பார்த்தேயிராத ஒரு வீடு நாற்பத்திரண்டு வருஷமாகத் தினமும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. பழனியாண்டி கீழே உட்கார்ந்துவிட்டார். பேன்ட்ரி சிமெந்துத் தரையில், கோட்டு இல்லாமல், பட்டி இல்லாமல் உட்கார்ந்து சின்னப்பிள்ளை மாதிரி அழுதார். பூரணியும் அழுதாள். மத்தியானக் கொம்பு ஊதும் சத்தம் கேட்டு, மறுபடி வேலைக்காட்டுக்குப் போக வேண்டும் என்று சொல்லி, வைக்க மனசில்லாமல் போனை வைத்தாள்.

மணி இரண்டு ஆகிவிட்டது. அச்சுக்கு அனுப்ப இன்னும் ஒரு மணித்தியாலம்தான். கிருஷாந்தி தாளையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு அவர் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தாள்.

“அவங்க சொன்னத நானும் கேட்டேன்தான். ஆனா நீங்க சொல்லி எழுதணும்யா. வரிசையா.”

அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்தார். “பிச்சைமுத்து,” என்றார். அவள் எழுதினாள். “சன்னாசி.” எழுதினாள். “மாயாண்டி.” அந்தப் பேரில் குரல் உடைந்துவிட்டது.

“நாலாவதுங்கய்யா?”

வாயைத் திறந்தார். வரவில்லை. கையைக் கையை ஆட்டினார். சட்டைப் பையில் அடையாள அட்டையைத் தேடினார். அவசரத்தில் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். கிருஷாந்தி பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி பொறுமையாகக் காத்திருந்தாள். கேட்ட பேர்தான், அவளே எழுதிவிடலாம். ஆனால் அவள் எழுதவில்லை.

பேச்சியம்மா ஜன்னலருகே நின்றுகொண்டிருந்தாள். வெளியே துணிக் கொடியில் புது விரிப்புகள் காய்ந்துகொண்டிருந்தன. அவள் புருஷனைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, பேன்ட்ரி முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

“பழனியாண்டி. பழனியாண்டின்னு எழுதுங்க மிஸ்.”